கூட்டம் நிறைய, வகை கம்மி: ஆனி ஆடிக் கடல்ல மிதக்குற உயிர்கள்

ஆனி பிறந்து கச்சான் காத்து, அதாவது மேற்குக் காத்து, ஒழுங்கா பிடிச்சாச்சுன்னா குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கம் கடல் தண்ணி தணுத்துப் போயிரும். மழை பெய்யுது, வெயில் இல்ல, அதான் தணுப்புன்னு ஊர்ல நிறைய பேர் நினைச்சுகிட்டு இருக்காங்க. அது பெரிய காரணம் இல்ல. மேல கிடந்த சூட்டுத் தண்ணி இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிருது, அந்த இடத்துக்கு கீழ வெளிச்சம் சரியா படாத ஆழத்துல நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும்னு பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் சேர்ந்து கிடந்த தண்ணி ஏறி வந்து நிக்குது. அப்வெல்லிங்னு சொல்றது இதைத்தான்.

டீ மேல ஊதினா ஆடை விலகுற மாதிரி காத்து தண்ணியைத் தள்ளுதுன்னு யூடியூப்ல விளக்குறாங்க, அது பாதிதான் சரி. காத்து போற திசைக்கே தண்ணி போறதில்ல. பூமி சுத்துறதால நம்ம வட அரைக்கோளத்துல மேல்மட்டத் தண்ணி, மொத்தமா கணக்குப் பாத்தா, காத்துக்கு வலது கைப் பக்கமா நகரும். கேரளக் கரையை ஒட்டி வடக்கேயிருந்து தெற்கா காத்து அடிச்சா வலது பக்கம்னா மேற்கு, அதாவது ஆழ்கடல். கன்னியாகுமரி முனையில கரை தெற்கு பாத்து திரும்பிருது, காத்து மேற்கேயிருந்து வருது, வலது பக்கம்னா தெற்கு, அங்கயும் ஆழ்கடல்தான். ஆக ரெண்டு இடத்துலயும் மேல்தண்ணி கரையை விட்டு விலகுது, கீழ்த்தண்ணி மேல வருது. மே கடைசி வாக்குல முனையில தொடங்கி, கொல்லம், கொச்சின்னு மெல்ல வடக்க ஏறி, செப்டம்பர் அக்டோபர் வரைக்கும் ஓடும். இதுல காத்து மட்டும் வேலை செய்யல, வங்காள விரிகுடாவுல கிளம்பி இலங்கையைச் சுத்தி மேற்குக் கரையோரமா வர்ற, கெல்வின் அலைன்னு சொல்ற ரொம்ப நீளமான அலைகளும் கீழ்த்தண்ணியைத் தூக்கிக் குடுக்குது. கொச்சிப் பக்கம் ஆத்துத் தண்ணி மழைக்காலத்துல வந்து மேல ஒரு மூடி மாதிரி நிக்கிறதால, அப்வெல்லிங் நடந்தாலும் மேல தொட்டுப் பாத்தா தெரியாது. சாட்டிலைட்ல பாக்கலாம்னா வானம் முழுக்க மேகம்.

தண்ணிக் கதை இவ்வளவு போதும். நான் கொஞ்ச காலம் இந்தக் கடல்ல மிதக்குற சின்ன உயிர்களை, ஜூபிளாங்டன்னு சொல்றதை, மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணுற வேலைல இருந்தேன், அங்க கத்துகிட்டதுதான் இதுல முக்கால்வாசி. அப்வெல்லிங் பத்தி எழுதுற எல்லாரும் "சத்து ஏறி வருது, பாசி பெருகுது, அதைத் திங்குற சின்ன உயிர் பெருகுது, மீன் பெருகுது"ன்னு ஒரு சங்கிலி போட்டு, கடைசியில "பல்லுயிர் செழிப்பு"ன்னு ஒரு வார்த்தையையும் ஒட்டிருவாங்க. அந்தக் கடைசி ஒட்டு எனக்கு உறுத்தும். செழிப்பு சரி. பல்லுயிர்ங்கறது கிட்டத்தட்ட தலைகீழ்.

கரையை ஒட்டி, அப்வெல்லிங் நல்லா பிடிச்ச ஆடி மாசத்துல இழுத்த சாம்பிளை எடுத்துக்கங்க. வலையோட நுனில கட்டியிருக்குற டப்பாவைக் கழட்டினா தண்ணியே இல்லாத மாதிரி கெட்டியா, லேசா பழுப்பு கலந்த கூழ் கிடக்கும். அதை ஃபார்மலின் ஊத்தி வச்சு, லேப்ல கொண்டு வந்து ஸ்ப்ளிட்டர்ல பாதி, பாதியில பாதின்னு பிரிச்சு, வரி வரியா பள்ளம் வெட்டின எண்ணுற தட்டுல ஊத்திப் பாத்தா, முதல் வரியில பெனிலியாங்கற நீர்த்தெள்ளு, ரெண்டாவது வரியில பெனிலியா, நடுவுல டெமோராங்கற வேற ஒரு சின்ன உயிர் ரெண்டு, திரும்ப பெனிலியா. கை தன்னால கவுண்டரை அமுக்கிகிட்டே இருக்கும். அதே வாரத்துல கண்டச்சரிவு தாண்டி ஆழ்கடல்ல இழுத்த சாம்பிள் டப்பாவுல அடியில ஒரு ஸ்பூன் அளவு கூட தேறாது, ஆனா தட்டுல ஊத்தினா ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்தைப் புரட்டணும். நூறு உயிர் எண்ணுறதுக்குள்ள நாப்பது பேர் எழுத வேண்டி வரலாம். லேப்ல புதுசா வர்றவங்க கரை சாம்பிளைப் பாத்து பயப்படுவாங்க, பழைய ஆளுங்க ஆழ்கடல் சாம்பிளைப் பாத்துதான் பயப்படுவாங்க.

ஏன் அப்படின்னா இது ஒரு ஓட்டப்பந்தயம். சத்து ஏறி வந்து சில நாள்லயே டயாட்டம் பாசி வெடிச்சுப் பெருகிரும், அதுங்க ஒரு நாளைக்கு ஒரு தடவை கூட ரெண்டா பிரியும். ஆனா கோப்பிபாட், அதாவது ஜூபிளாங்டன்ல வழக்கமா முக்கால் பங்கு இருக்குற அந்த அரிசிக் குருணை சைஸ் ஓட்டுடலி, முட்டையில இருந்து வந்து நாப்ளியஸ்னு ஆறு கட்டம், அப்புறம் கோப்பிபோடைட்னு அஞ்சு கட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை சட்டை உரிச்சுதான் பெரிய ஆளாகும். நம்ம சூட்டுக் கடல்லயே அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்கப்புறம் ஜோடி தேடணும். இந்த இடைவெளியில யாரு முந்துறாங்கன்னா ஜோடியே தேவைப்படாதவங்க. பெனிலியா அவிராஸ்ட்ரிஸ்னு ஒரு கிளாடோசெரன், நீர்த்தெள்ளு வகை. நல்ல காலத்துல ஆணே கிடையாது, பொம்பளையே முதுகுப் பைக்குள்ள குஞ்சுகளை வச்சு வளர்த்து அப்படியே வெளிய விட்டுரும். மைக்ராஸ்கோப்ல பாத்தா கண்ணாடி மாதிரி ஓட்டுக்குள்ள அஞ்சாறு குட்டிங்க, கண்ணு கூட கறுப்பா தெரிய ஆரம்பிச்சது, வரிசையா மடங்கிக் கிடக்கும். இவேட்னின்னு அதோட சொந்தக்காரி ஒண்ணு, தலை முழுக்க ஒரே ஒரு பெரிய கண்ணு. காலம் கெட்டுப்போகப் போகுதுன்னு தெரிஞ்சதும்தான் ஆண் பிறக்கும், கெட்டி ஓடு போட்ட முட்டை உருவாகும், அது அடிச்சேத்துல போய் உக்காந்துகிட்டு அடுத்த சீசனுக்குக் காத்திருக்கும். சால்ப்னு ஒரு வழுவழு பீப்பாய் இருக்கு, அதுவும் இதே புத்திதான், தன் உடம்புல இருந்தே சங்கிலி சங்கிலியா குட்டிகளைத் துளிர்த்து விட்டுரும். வலையில சால்ப் ஏறிச்சுன்னா வலைக்கண்ணு அடைச்சு, கழுவுறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும், அது வேற கதை.

ஆக அப்வெல்லிங் தண்ணி எல்லாருக்கும் விருந்து வைக்கல. வேகமா பெருகத் தெரிஞ்ச, கண்டதையும் வடிகட்டித் தின்னத் தெரிஞ்ச சில பேருக்கு மட்டும் கதவைத் திறக்குது, அவங்க வந்து மொத்த இடத்தையும் நிரப்பிடுறாங்க. டெமோரா டர்பினேட்டா, அகார்ஷியா, பாராகலானஸ்னு மூணு கோப்பிபாட், பெனிலியா, இவேட்னி, நடுவுல சகிட்டான்னு அம்பு மாதிரி ஒரு வேட்டைக்காரன், ஓட்டுக்குள்ள முடங்கின ஆஸ்ட்ரகோட், லூசிஃபர்னு ஈர்க்குச்சி மாதிரி ஒரு இறால் வகை. கரைப் பட்டியல் பெரும்பாலும் இவ்வளவுல அடங்கிரும். மேல்மட்ட எண்ணிக்கை ஏறும்போது பல்லுயிரை அளக்குற ஷானன் இன்டெக்ஸ் இறங்கும், ஏன்னா அந்தக் கணக்கு எத்தனை வகைன்னு மட்டும் பாக்கல, எல்லாருக்கும் சமமா பங்கு கிடைச்சிருக்கான்னும் பாக்குது. ஆயிரத்துல எண்ணூறு ஒரே ஆளா இருந்தா மீதி இருநூறுல எத்தனை பேர் இருந்தாலும் கணக்கு தூக்காது. டிசம்பர் ஜனவரியில கடல் தெளிஞ்சு நிக்கும்போது அதே இடத்துல கூட்டம் குறையும், வகை கூடும். இதை "அப்வெல்லிங்கால பல்லுயிர் பாதிப்பு"ன்னும் ஒருத்தர் தலைப்பு போட்டுறக்கூடாது, அதுவும் தப்பு. இது வருஷா வருஷம் நடக்குற ஏற்ற இறக்கம்.

அடுத்தது இடம். தண்ணி எங்க குளிர்ச்சியோ, பாசி எங்க பச்சையோ, அங்கதான் ஜூபிளாங்டனும் அதிகம்னு நினைக்கத் தோணும். நிறைய நேரம் அப்படி இருக்காது. மேல ஏறின தண்ணி நிக்காம ஆழ்கடல் பக்கம் நகர்ந்துகிட்டே இருக்கு, பாசி பெருக நாலஞ்சு நாள், கோப்பிபாட் பெருக வாரக்கணக்கு, அதுக்குள்ள தண்ணி எங்கயோ போயிரும். அதனால குளிர்த்தண்ணி கரையில, பாசிப் பெருக்கம் கொஞ்சம் தள்ளி, பெரிய கோப்பிபாட் கூட்டம் அதுக்கும் தள்ளின்னு மூணும் விலகி விலகி நிக்கிறது உண்டு. ஒரே நாள்ல எடுத்த பாசி அளவையும் ஜூபிளாங்டன் அளவையும் கிராஃப் போட்டு "தொடர்பு இல்லை"ன்னு முடிவு எழுதுற பேப்பருங்களைப் பாத்தா எனக்கு அழுகையா வரும். தொடர்பு இருக்குங்க, நேரம் தள்ளி இருக்கு.

அப்போ கரையில இருக்குற கூட்டம் எப்படி அடிச்சுட்டுப் போகாம இருக்கு? இதுக்குப் பதில் முதல்ல தெளிவா கிடைச்சது அமெரிக்காவோட ஒரிகன் கரையில, 1979ல வந்த ஒரு ஆய்வுல. மேல்தண்ணி கரையை விட்டுப் போகும், அதுக்கு ஈடா அடித்தண்ணி கரையை நோக்கி வரும். ரெண்டு மாடி, ரெண்டு எதிரெதிர் ஓட்டம். எந்த ஆழத்துல நிக்கணும்னு தெரிஞ்ச கோப்பிபாட், ராத்திரி மேல வந்து மேஞ்சுட்டு பகல்ல கீழ இறங்கினா, மேல போன தூரத்தை கீழ திரும்பி வந்துரும். நீந்தத் தெரியாத உயிர்னு பேர் வாங்கின ஒண்ணு, ஏறி இறங்குறதை வச்சே ஒரே ஊர்ல குடியிருக்கு. சோமாலியா கரைப்பக்கம் காலனாய்டஸ்ங்கற கோப்பிபாட் இதை இன்னும் பெருசா பண்ணுது, தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது மேல வந்து பாசியைத் தின்னு உடம்புக்குள்ள எண்ணெய் பையை நிரப்பிக்கும், காத்து நின்னதும் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, ஒண்ணும் திங்காம, வளராம, அடுத்த காத்து வரைக்கும் கிடக்கும். ஆப்பிரிக்காவோட தென்மேற்குக் கரை பெங்குவெலா அப்வெல்லிங்லயும் அந்தக் குடும்பம் இதே வேலையைத்தான் பாக்குது.

நம்ம பக்கம் இந்த ஏறி இறங்குறதுல ஒரு சிக்கல் உண்டு. அரபிக்கடல்ல நூத்தம்பது மீட்டர்ல இருந்து ஆயிரம் மீட்டர் வரைக்கும் ஆக்சிஜன் படுமோசம், உலகத்துலயே கெட்டியான ஆக்சிஜன் பஞ்சப் பட்டைல இது ஒண்ணு. அப்வெல்லிங்ல ஏறி வர்ற தண்ணி சத்தோட அந்தப் பஞ்சத்தையும் கூட்டிகிட்டு வருது. மேல பெருகின பாசி செத்து விழுந்து அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போயிரும், கோவா பக்கம் செப்டம்பர் அக்டோபர் வாக்குல கரைக்கடல் அடித்தண்ணியில ஹைட்ரஜன் சல்பைடு வரைக்கும் போனதைப் பதிவு பண்ணி 2000ல எழுதியிருக்காங்க. அதனால இங்க நிறைய உயிர் கீழ இறங்க முடியாம மேல இருபது முப்பது மீட்டருக்குள்ள நெருக்கியடிச்சு நிக்கும். வலையில கூட்டமா வர்றதுக்கு பெருக்கம் ஒரு காரணம்னா இந்த நெருக்கடி இன்னொரு காரணம். இதுக்கும் துணிஞ்சவங்க உண்டு. ப்ளூரோமம்மா இண்டிகான்னு ஒரு கோப்பிபாட், மைக்ராஸ்கோப்ல பாத்த உடனே அடையாளம் தெரியும், உடம்போட ஒரு பக்கத்துல மட்டும் கறுப்பா பொட்டு வச்ச மாதிரி ஒரு குமிழ் இருக்கும். பகல்ல மீன் துரத்த முடியாத அந்த மூச்சு முட்டுற ஆழத்துல போய் ஒளிஞ்சுகிட்டு, இருட்டினதும் மேல வந்து தின்னும். பகல்ல மட்டும் வலை போட்டா இதை பாக்கவே மாட்டீங்க.

இங்கதான் வலை பத்தி சொல்லணும், ஏன்னா ஜூபிளாங்டன் கணக்குன்னு நாம சொல்றதுல பாதி வலையோட கணக்கு. 1960களோட முதல் பாதியில நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் பயணத்துல பல நாட்டுக் கப்பலும் ஒரே மாதிரி வலையை, 200 மீட்டர்ல இருந்து நேரா மேல இழுத்தாங்க. வாய் ஒரு சதுர மீட்டர், கண்ணு 330 மைக்ரான் சுத்தி. அந்த சாம்பிள் எல்லாம் கொச்சியில 1962ல ஆரம்பிச்ச இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு வந்து குவிஞ்சுது, அங்க உக்காந்து பிரிச்சு, எண்ணி, படமா போட்டாங்க. அசுர உழைப்பு, இன்னைக்கும் அந்த அட்லஸைத் தொடாம யாரும் இந்தக் கடலைப் பத்திப் பேச முடியாது. ஆனா 330 மைக்ரான் கண்ணுல ஆய்தோனா மாதிரி சின்னக் கோப்பிபாட்டும், மத்த எல்லாத்தோட குஞ்சும் வழுக்கி வெளிய போயிரும். 200 மைக்ரான் வலை போட்டா அதே கடல்ல எண்ணிக்கை பல மடங்கு கூடும். அப்போ அப்போ "ஜூபிளாங்டன் பத்து மடங்கு அதிகரிப்பு"ன்னு யாராவது சொன்னா முதல்ல வலைக்கண்ணு என்னன்னு கேளுங்க. எடையில பாத்தாலும் ஏமாறலாம், நாலு சொறி மீனும் ஒரு கொத்து சால்பும் ஏறினா டப்பா ரொம்பிரும், அதுல முக்கால்வாசி தண்ணி. 200 மீட்டர்ல இருந்து ஒரே இழுப்பா இழுத்தா எது எந்த ஆழத்துல இருந்துச்சுன்னும் தெரியாது, அதுக்குத்தான் சாகர் சம்பதா மாதிரி ஆராய்ச்சிக் கப்பல்கள்ல, குறிப்பிட்ட ஆழத்துல திறந்து மூடுற பல வலை அடுக்கை வச்சு இழுக்குறாங்க.

இதே மாதிரி ஒரு புதிர் 1990கள்ல வந்துச்சு. பருவக்காத்துல பாசி கூடுது, அப்போ ஜூபிளாங்டனும் கூடணும், மத்த மாசத்துல குறையணும் இல்லையா? தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானி மதுபிரதாப்பும் கூட இருந்தவங்களும் பாத்தா, திறந்த அரபிக்கடல்ல மேல்மட்ட ஜூபிளாங்டன் அளவு சீசனுக்கு சீசன் பெருசா ஆடவே இல்ல. பாசி இல்லாத மாசத்துல எதைத் தின்னு வாழுதுன்னு தேடிப் போனா பாக்டீரியாவும், அதைத் திங்குற ஒரு செல் உயிருங்களும்தான் சோறு போடுது. கரைக்கடல் நாடகத்தை வச்சு நடுக்கடலையும் அப்படியே நினைச்சுறக்கூடாதுன்னு அதுல இருந்துதான் எனக்குப் புரிஞ்சது.

சரி, மீன். எங்க ஊர்ல இதை எல்லாம் சொன்னா பெரியப்பா ஒருத்தர் "அதெல்லாம் கிடக்கட்டும் மக்ளே, தண்ணி தணுத்தா நெத்தோலி வரும், கணவா வரும், அது போதும்"னு முடிச்சிருவார். அவர் சொல்றதுல தப்பு இல்ல. மழைக்காலத்துல நெத்தோலிக் கூட்டம் கேரளக் கரையை விட்டு தெற்க இறங்கி கன்னியாகுமரி முனை, மன்னார் வளைகுடா பக்கம் வந்து குவியுதுன்னு 1970கள்ல கொச்சியை மையமா வச்சு நடந்த மீன்வளத் திட்டத்துலயே கண்டுபிடிச்சாச்சு. நெத்தோலி கோப்பிபாட் திங்குற ஆளு. வயித்தைக் கீறி லென்ஸ்ல பாத்தா ஆரஞ்சு கலர் துணுக்கு துணுக்கா காலும் கொம்பும் கிடக்கும். சாளை வேற ரகம், அது பாசியையும் சேர்த்து வடிகட்டும், வயித்துல பச்சையும் பழுப்புமா களிம்பு. அதனால எந்த வருஷம் எந்த உயிர் பெருகுதுங்கறதை வச்சு எந்த மீனுக்கு லாபம்னு மாறும், "பிளாங்டன் நிறைய, அதனால மீன் நிறைய"ங்கற மொத்தக் கணக்கு கை குடுக்காது. கேரளாவுல 2012ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை கரையேறுச்சு, 2021ல 3,500 டன் கூட இல்ல. அந்தக் காலம் பூரா அப்வெல்லிங் நின்னு போகல. அதிகப்படியா பிடிச்சது, குஞ்சுமீனை அள்ளினது, 2015 எல்நினோ சூடுன்னு காரணம் பல சொல்றாங்க, சேர்ந்துதான் வேலை செஞ்சிருக்கணும்.

மன்னார் தாண்டி இலங்கையோட தெற்குக் கரையிலயும் இதே பருவத்துல தண்ணி ஏறும். மிரிஸ்ஸ பக்கம் நீலத்திமிங்கிலம் பாக்கப் போற ஆளுங்க நிறைய. உலகம் பூரா நீலத்திமிங்கிலம்னா கிரில் திங்கும்னுதான் பாடம், ஆனா இலங்கைக் கடல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் குழு அங்க திமிங்கிலத்தோட மலத்தை அள்ளி டிஎன்ஏ பாத்து, அதுங்க பெரும்பாலும் செர்ஜெஸ்டிட்ங்கற சின்ன இறால் வகையைத் திங்குதுன்னு 2018ல எழுதினாங்க. லூசிஃபரோட தூரத்துச் சொந்தம். அவ்வளவு பெரிய உடம்பு, யாரு கூட்டமா கிடைக்கிறாங்களோ அவங்களைத் திங்குது.

எனக்கு ஒரே ஒரு ஆத்திரம் இருக்கு, அதைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். ஒரிகன்ல நியூபோர்ட் கரையில 1996ல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னப் படகுல போய் வலை போடுறாங்க. வடக்குக் குளிர்க்கடல் கோப்பிபாட், கொழுப்பு ஏறினது, வந்திருக்கா, இல்ல தெற்குச் சூட்டுக்கடல்ல இருந்து வந்த ஒல்லிக் கோப்பிபாட்டான்னு பாத்து, ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு சால்மன் எப்படித் திரும்பும்னு முன்னாடியே சொல்றாங்க. 2014, 2015ல அந்தப் பக்கம் கடல் சூடேறினப்போ சூட்டுக்கடல் கோப்பிபாட் வகை கூடிப்போச்சு, பல்லுயிர் கணக்கு மேல ஏறுச்சு, சால்மனுக்கு கெட்ட காலம். வகை கூடினா நல்லதுன்னு கண்ணை மூடிகிட்டு சொல்ல முடியாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நான் வேலை பாத்த ப்ராஜெக்ட்ல காசு இருந்த வரைக்கும் வலை போட்டோம், காசு முடிஞ்சதும் சாம்பிள் பாட்டில் அலமாரிக்குப் போச்சு, எண்ணத் தெரிஞ்ச பசங்க பேங்க் எக்ஸாமுக்குப் போனாங்க. டிஎன்ஏ வச்சு ஒரே ஓட்டத்துல எல்லாப் பேரையும் எடுத்துறலாம்னு இப்போ சொல்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அது யார் யார் இருக்காங்கன்னு சொல்லும், எத்தனை பேர், முட்டையோட இருக்காளா, எண்ணெய் பை ரொம்பியிருக்கான்னு சொல்லாது. அதுக்கு ஒரு ஆள் கண்ணு வச்சுப் பாத்தாகணும். குளச்சல்ல இருந்தோ விழிஞ்சத்துல இருந்தோ ஒரு ஃபைபர் வள்ளம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே இடம், ஒரே வலைக்கண்ணு, பகல் ஒண்ணு ராத்திரி ஒண்ணு. பெரிய கப்பல் ஒரு நாள் எரிக்கிற டீசல் காசுல இதை வருஷக்கணக்கா ஓட்டிறலாம்னு நினைக்கிறேன். வலை போடத் தெரிஞ்ச ஆளுக்கா நம்ம கரையில பஞ்சம்?